பள்ளிவாசலில் சந்தூக்கு இருக்கிறது, கட்டில் இருக்கிறதா?



மாதக்கணக்கில் நோயில் கிடந்த ஒருவர் இறைவனின் அழைப்பை ஏற்றுச் சென்றுவிடுகிறார். ஜனாஸா நல்லடக்கம் முடிந்து, வந்த உறவினர் ஒவ்வொருவராக விடைபெற்றுப் போன பின்னர், அவர் படுத்திருந்த அறையில் எஞ்சி நிற்பவை எவை? தலைப்பக்கத்தை உயர்த்தித் தாழ்த்தும் இரும்புக் கட்டில், முதுகில் புண் வராதிருக்க வாங்கிய காற்றுப் படுக்கை, சக்கர நாற்காலி, பிடித்து நடக்கும் வாக்கர், நெபுலைசர். அலமாரியைத் திறந்தால் ஒரு பை நிறைய மாத்திரை அட்டைகள். பாதி குடித்த மருந்துப் புட்டிகள். குளிர்பெட்டியின் கதவில் இன்சுலின்.

அவற்றைக் காணும்போதெல்லாம் வீட்டார் நெஞ்சு கனக்கிறது. ஆகவே, "யாருக்கேனும் கொடுத்துவிடுங்கள், மர்ஹூமுக்கு நன்மை சேரட்டும்" என்று கூறி மூன்றாம் நாளே அனைத்தையும் வெளியேற்றி விடுகிறார்கள். வேறு சில வீடுகளிலோ, இதற்கு நேர்மாறாக, எல்லாம் பரணுக்கு ஏறித் துருப்பிடிக்கின்றன. மார்க்கத் தீர்ப்புக் கேட்டு என்னிடம் வருவோர் நிலத்தைப் பற்றிக் கேட்கிறார்கள். நகையைப் பற்றிக் கேட்கிறார்கள். கடையின் முன்பணத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். கட்டிலைப் பற்றி இன்றுவரை ஒருவரும் கேட்டதில்லை. அதனால்தான் கேட்காமலேயே எழுதத் துணிந்தேன்.

கட்டிலும் சொத்துத்தான். மரித்தவருக்குச் சொந்தமாயிருந்த பொருள் எதுவாயினும், அவருடைய மூச்சு நின்ற கணமே அதில் வாரிசுகளின் உரிமை தொடங்கிவிடுகிறது. அடக்கச் செலவு, கடன், மூன்றில் ஒரு பங்குக்கு மிகாத வஸிய்யத் ஆகியவை போக எஞ்சியதெல்லாம் பங்கீட்டுக்கு வரவேண்டும். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தமது 'இஹ்யா'வில் ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறார்கள். மரணத் தறுவாயில் இருந்த ஒருவரின் அருகே ஒரு நல்லடியார் இரவில் அமர்ந்திருந்தார். உயிர் பிரிந்தது. உடனே அவர் விளக்கை அணைக்கச் சொன்னார். அதிலுள்ள எண்ணெயில் இப்போது வாரிசுகளுக்கு உரிமை வந்துவிட்டது என்பது அவர் சொன்ன காரணம். ஒரு விளக்கின் எண்ணெய்க்கு இத்தனை பேணுதல்! நாமோ பல்லாயிரம் ரூபாய் மதிப்புள்ள ஆக்சிஜன் செறிவூட்டியை, வாரிசுகளில் ஒருவர் வெளிநாட்டில் இருக்க, இன்னொருவர் பள்ளிக்கூடச் சிறுவனாக இருக்க, யாரையும் கேளாமல் தூக்கிக் கொடுத்துவிட்டு நன்மையை எதிர்பார்க்கிறோம்.

சிறுவன் சம்மதித்தாலும் அச்சம்மதம் செல்லாது என்பதை மறந்துவிட வேண்டாம். அநாதையின் பொருளை அநியாயமாக உண்போர் தம் வயிற்றில் நெருப்பையே நிரப்புகிறார்கள் என்ற கருத்தில் திருமறையின் நான்காம் அத்தியாயம் எச்சரிப்பதை நாம் எத்தனை முறை ஓதியிருக்கிறோம்! வழி இல்லாமலில்லை. பருவமெய்திய வாரிசுகள் ஒத்துக்கொண்டு, சிறுவனின் பங்குக்குரிய மதிப்பை அவன் பெயரில் ஒதுக்கிவிட்டுப் பொருளைக் கொடுக்கலாம். மகன் தன் பணத்தில் வாங்கித் தந்தை பயன்படுத்துவதற்காக மட்டும் வைத்திருந்தால் அது மகனுடையதே; அவர் தாராளமாகக் கொடுக்கட்டும். தந்தைக்கே அன்பளிப்பாகக் கொடுத்திருந்தால் பங்கீட்டுக்கு வரும். இதை ஒருநாள் உட்கார்ந்து பேசிக்கொண்டால் போதும்.

இனி, மருந்துகள். இவற்றைக் கட்டிலோடு சேர்த்து ஒரே மூட்டையாகக் கட்டுவதுதான் பெரும் தவறு. மிஞ்சிய மருந்தைப் போடுவதற்கென்று சில இடங்களில் ஒரு பெட்டியை வைத்துவிடுகிறார்கள். நோக்கம் நல்லது, செயல் நல்லதன்று என்பது என் கருத்து. அப்பெட்டியில் விழுவது என்ன? கத்தரிக்கோலால் வெட்டப்பட்ட நாலு மாத்திரைத் துண்டு. அதில் மருந்தின் பெயர் பாதி இருக்கும்; காலாவதித் தேதி வெட்டுப்பட்ட மறுபாதியோடு போயிருக்கும். தண்ணீர் கலந்த சிரப்பு சில நாட்களிலேயே பயனற்றுப் போய்விடும். வெயிலில் இருந்த இன்சுலின் பார்வைக்குத் தெளிவாகவே இருக்கும், வீரியமோ குறைந்திருக்கும். அதைப் போட்டுக்கொள்ளும் ஏழை, மருந்து எடுத்தோம் என்ற நிம்மதியில் இருப்பார். சர்க்கரை ஏறிக்கொண்டே போகும். ஐந்து நாள் சாப்பிட வேண்டியதை இரண்டு நாளில் நிறுத்தியதால் மிஞ்சிய ஆன்டிபயாட்டிக் மாத்திரையை இன்னொருவர் காய்ச்சலுக்கு விழுங்குவதால், கிருமி மடிவதற்குப் பதிலாக மருந்தை எதிர்க்கக் கற்றுக்கொள்கிறது.

மதீனாவில் அன்சாரிகள் தம் தோட்டத்துப் பேரீச்சங்குலைகளைக் கொணர்ந்து பள்ளிவாசலில் தொங்கவிடுவார்கள். வறிய தோழர்கள் பசித்தபோது பறித்து உண்பார்கள். அவற்றினிடையே சிலர் வற்றிப்போன, கெட்டுப்போன குலையையும் கொண்டுவந்து தொங்கவிட்டனர். அப்போதுதான், நீங்களே கண்ணை மூடிக்கொண்டாலன்றி வாங்கமாட்டாத மட்டமான பொருளைத் தேடி எடுத்து தர்மம் செய்யாதீர்கள் என்ற பொருளுடைய வசனம் (2:267) அருளப்பெற்றது என்பது பராஉ இப்னு ஆஸிப் (ரலி) அவர்கள் வாயிலாக வரும் செய்தி. கெட்ட பேரீச்சம்பழம் நாவுக்குக் கசக்கும், உடனே துப்பிவிடலாம். கெட்ட மருந்து கசப்பதில்லை. இரண்டில் எது அதிகக் கொடுமை என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

இது வீட்டளவில் நடப்பது. நாட்டளவிலும் நடந்திருக்கிறது. 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பின் நம் சகோதரர்கள் வாழும் ஆச்சே மாநிலத்திற்கு உலகெங்குமிருந்து மருந்துகள் குவிந்தன. சுமார் 20 லட்சம் மக்களுக்கு 4,000 டன்! அவற்றில் 60 விழுக்காடு அந்நாட்டின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே இல்லை. 70 விழுக்காட்டின் மேலுறையில் இருந்தது அங்குள்ளோருக்குப் புரியாத அயல்மொழி. அதற்கு முன், 1992 முதல் 1996 வரை போரில் சிதைந்த போஸ்னியாவில், உதவாத மருந்துகள் மட்டும் 17,000 டன் அளவுக்குச் சேர்ந்துவிட்டதாகக் கணக்கிட்டார்கள். வீடிழந்த மக்கள், வந்த தர்மத்தை அழிப்பதற்கும் இடமும் பணமும் தேட வேண்டியதாயிற்று. இத்தகைய அனுபவங்களால்தான் உலக சுகாதார நிறுவனம் 1996இல் நெறிமுறை வகுத்தது. நோயாளிக்கு ஒருமுறை வழங்கப்பட்டுத் திரும்பி வந்த மருந்தை எவருக்கும் நன்கொடையாக அனுப்பலாகாது என்பது அதில் முக்கியமான விதி. நம் நாட்டின் 1940ஆம் ஆண்டு மருந்துச் சட்டமும் விற்பதற்கு மட்டுமன்றி, விநியோகிப்பதற்கும் உரிமம் கேட்கிறது. பள்ளிவாசல் பெட்டிக்கு அந்த உரிமம் இல்லை.

அப்படியானால் என்ன செய்வது? பிரிக்காத முழு அட்டைகளை, பில்லோடு, வாங்கிய கடையிலேயே கேட்டுப் பாருங்கள். திரும்ப எடுத்துக்கொள்ளும் கடைக்காரர்கள் இருக்கிறார்கள். மற்றவற்றைக் கிணற்றிலோ வாய்க்காலிலோ கொட்டாதீர்கள். அட்டையோடு எரிக்கவும் செய்யாதீர்கள். அண்டை மாநிலமான கேரளத்தின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2025ஆம் ஆண்டு கோழிக்கோட்டில், வீடுகளில் மிஞ்சிய மருந்துகளைத் திரட்டி முறைப்படி எரித்தழிக்கும் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அத்தகைய ஏற்பாடு இல்லாத ஊரில் மாத்திரைகளை உறையிலிருந்து எடுத்து, பயன்படுத்திய தேயிலைத் தூளிலோ மண்ணிலோ பிசைந்து, ஒரு பையில் இறுகக் கட்டி, தூய்மைப் பணியாளரிடம் இன்னதென்று சொல்லித் தனியாகக் கொடுங்கள். காலாவதியான மருந்தையும் ஊசியையும் வீட்டின் அபாயக் கழிவாகப் பிரிக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகளே கூறின. புற்றுநோய் வேதனைக்குக் கொடுத்த மார்ஃபின் போன்ற மாத்திரைகளை ஒருநாள்கூட வீட்டில் வைக்காமல், கொடுத்த மருத்துவ நிலையத்திடமே ஒப்படையுங்கள்.

இன்சுலின் ஊசியைப் பற்றித் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. அதைக் குப்பையோடு குப்பையாகப் போட்டால், காலையில் வெறுங்கையால் குப்பையைப் பிரிக்கும் பெண்ணின் விரலில் அது குத்தும். வழியில் கிடக்கும் தொல்லையை அகற்றுவது ஈமானின் கிளைகளில் ஒன்று என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்திருக்க, நாம் தொல்லையை வழியில் போடலாமா? கெட்டியான பிளாஸ்டிக் டப்பா ஒன்றில் சேர்த்து, மூடியை இறுக்கி ஒட்டிக் கொடுங்கள்.

மருந்தின் கதை இவ்வளவே. கட்டிலும் நாற்காலியும் வேறு இனம். மருந்து ஒருவர் உண்டால் தீர்ந்துபோவது. கட்டிலோ பத்துப் பேரைத் தாங்கினாலும் கட்டிலாகவே இருப்பது. பொருள் நிலைத்திருக்க, பயன் மட்டும் கைமாறுவதற்கு ஃபிக்ஹில் 'ஆரியத்' என்றே ஒரு பாடம் இருக்கிறது. 'மாஊன்' என்னும் சிறிய அத்தியாயத்தை நாம் தொழுகையில் அடிக்கடி ஓதுகிறோம். அதன் கடைசிச் சொல்லுக்கு ஜகாத் என்று பொருள் கொண்டோரும் உண்டு. ஆயினும் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள், வாளி, சட்டி போன்ற அன்றாடப் பொருள்களை ஒருவருக்கொருவர் இரவல் கொடுப்பதையே நபிகளார் காலத்தில் மாஊன் என்று கருதியதாகக் கூறியுள்ளார்கள். வாளியை மறுப்பதே கண்டிக்கப்பட்டதென்றால், படுக்கைப் புண்ணில் துடிப்பவனுக்கு உதவும் காற்றுப் படுக்கையைப் பரணில் பூட்டி வைப்பதை என்னவென்பது?

"வீட்டுக்கு வீடு இரவல் கொடுத்தால் திரும்பி வருமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, வராமல் போனதும் உண்டு. ஆகவேதான் இது ஜமாஅத்தின் பொறுப்பாக வேண்டும் என்கிறேன். நம் ஊர்ப் பள்ளிவாசல்களில் ஜனாஸாவைச் சுமக்கும் சந்தூக்கு இருக்கிறது. மையித்தைக் குளிப்பாட்டும் பலகையும் பாத்திரங்களும் இருக்கின்றன. செல்வந்தர் இறந்தாலும் கூலிக்காரர் இறந்தாலும் அதே சந்தூக்குத்தான். அதற்கு வாடகை இல்லை. திரும்பி வராமல் போனதாகவும் கேள்விப்பட்டதில்லை. அசையும் பொருளை வக்ஃபு செய்யலாமா என்ற ஐயமும் வேண்டாம். பயன் தந்துகொண்டே நிலைத்திருக்கும் அசையும் பொருளை வக்ஃபு செய்ய ஷாஃபிஈ மத்ஹபு இடமளிக்கிறது. ஹனஃபீ மத்ஹபில் இமாம் முஹம்மது (ரஹ்) அவர்கள், மக்களிடையே வழக்கத்திலுள்ள பொருள்களை வக்ஃபு செய்வது கூடும் என்று கூறியபோது, கோடரி, மண்வெட்டி, சட்டி ஆகியவற்றோடு ஜனாஸாப் பெட்டியும் எண்ணப்பட்டிருக்கிறது. இறந்தவரைச் சுமக்கும் கட்டிலுக்குக் கிடைத்த இடம், இறவாமல் வேதனைப்படுபவரைத் தாங்கும் கட்டிலுக்குக் கிடைக்காதா?

மினாராவுக்கு எந்தச் சாயம் பூசுவது என்று மூன்று கூட்டம் போடும் நிர்வாகங்கள் இதற்கென ஒரே ஒரு கூட்டம் போடட்டும். மலபாரைப் பாருங்கள். 1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் சிறிய அளவில் தொடங்கிய வலி தணிப்புப் பணி, பின்னர் மலப்புறம் மாவட்டத்தில் ஊர்தோறும் தன்னார்வலர்களின் இயக்கமாக வளர்ந்தது. சாமானியர் போடும் சில்லறைக் காசில் அது நடக்கிறது. படுக்கையும் சக்கர நாற்காலியும் தேவைப்படும் வீட்டுக்குப் போய், தேவை தீர்ந்ததும் அடுத்த வீட்டுக்கு நகர்கின்றன. அங்கே முடிவது இங்கே முடியாதா?

இரவல் வாங்கியவர் கையில் பொருள் பழுதுபட்டால் யார் பொறுப்பு என்பதில் மட்டும் தெளிவு வேண்டும். ஷாஃபிஈ மத்ஹபில், அனுமதித்த முறையில் பயன்படுத்தியதால் வந்த தேய்மானம் போக, மற்ற இழப்புக்கு இரவல் வாங்கியவர் ஈடு செய்ய வேண்டும். ஹனஃபீ மத்ஹபில் அது அமானத். அவருடைய அலட்சியம் இருந்தாலன்றி ஈடில்லை. உங்கள் ஊர் எந்த மத்ஹபோ அதன்படி ஒரு நோட்டில் எழுதி, கொடுக்கும்போதே படித்துக் காட்டிவிடுங்கள். "கட்டில் விலையை இந்த ஆண்டு ஜகாத்தில் கழித்துக்கொள்ளலாமா?" என்று கேட்பவர் கட்டாயம் வருவார். கூடாது. ஜகாத் உரியவரின் உடைமையாக வேண்டும். இரவல் எவருடைய உடைமையும் ஆவதில்லை.

திரும்பி வந்த படுக்கையைச் சோப்பிட்டுக் கழுவி, பிளீச்சிங் கரைசலால் துடைத்து, வெயிலில் உலர்த்திய பின்னரே அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும். 2021இல் கொரோனாவின் இரண்டாம் அலையின்போது பதறிப்போய் வாங்கிய ஆக்சிஜன் செறிவூட்டிகள் பல வீடுகளில் அப்படியே கிடக்கின்றன. நீண்ட நாள் ஓடாமல் கிடந்தால் உள்ளிருக்கும் வடிபொருள் ஈரம் கோத்துக்கொள்ளும். இயந்திரம் ஓடும், விளக்கு எரியும், வருகிற காற்றில் ஆக்சிஜன் போதுமான அளவு இராது. ஆகவே, பழுது பார்ப்பவரை வரவழைத்து அளந்து பார்க்காமல் அதை ஒரு நோயாளியின் மூக்கில் மாட்டாதீர்கள்.

இடத்திற்கு எங்கே போவது என்கிறீர்களா? மதரஸாவின் பின்னறையில் உடைந்த ஒலிபெருக்கிக் குழலும் கிழிந்த பாய்களும் கிடக்கின்றனவே, அவற்றை அப்புறப்படுத்தினால் இரண்டு கட்டிலும் நாலு நாற்காலியும் தாராளமாக நிற்கும். அறையின் சாவி யாரிடம் இருக்கும் என்பதை முதலிலேயே முடிவு செய்து, அவருடைய தொலைபேசி எண்ணைக் கதவில் பெரிதாக எழுதிவிடுங்கள். கேட்டு வருபவர் பெரும்பாலும் இரவில்தான் வருவார்.