ரெம் கூட்டிய பிறகு நீலத் திரையா? ‘ஃபோர்மட்’ அடிக்க விடாதீர்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளைகளின் படிப்போடும் உங்கள் காசோடும் சம்பந்தப்பட்டது என்பதால் முழுதாக வாசியுங்கள்.

நம் ஊரில் கம்பியூட்டருக்கு எந்த நோய் வந்தாலும் ஒரே மருந்துதான்: “ஃபோர்மட் அடிச்சாச் சரி.” மெதுவாக ஓடினால் ஃபோர்மட். பிரின்டர் வேலை செய்யாவிட்டால் ஃபோர்மட். ரெம் (நினைவகம்) கூட்டிய மறுநாள் நீலத் திரை வந்து மெஷின் நின்றாலும் அதே ஃபோர்மட். முதல் இரண்டையும் விடுவோம். மூன்றாவதை இனியும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்று கணினி படிப்பிக்கும் ஆசிரியர்களாகிய நாங்கள் சொல்கிறோம்.

யோசித்துப் பாருங்கள். நேற்று வரை ஓடிய மெஷின். அதில் மாறியது ஒரேயொரு பொருள், புது ரெம். இன்று நிற்கிறது. முதல் சந்தேகம் எதில் வர வேண்டும்? ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, விளைவைப் பார் என்று பிள்ளைகளுக்கு விஞ்ஞான பாடத்தில் படிப்பிக்கிறோம். புதிதாக வந்ததைக் கழற்றிப் பார்க்காமல் விண்டோஸை அழிப்பது, கூரை ஒழுகுது என்று நிலத்துக்குச் சீமெந்து போடுவது போன்றது.

அதைவிடப் பெரிய ஆபத்தும் இருக்கிறது. நீங்கள் திறக்கும், சேமிக்கும், கொப்பி பண்ணும் ஒவ்வொரு ஃபைலும் ரெம் வழியாகத்தான் போகிறது. பழுதான ரெம்மில் 0 இருக்க வேண்டிய இடம் 1 ஆக மாறினால் அந்தப் பிழை ஹார்ட் டிஸ்க்கிலும் பதிந்துவிடும். அந்த ரெம்மை உள்ளே வைத்துக்கொண்டே விண்டோஸ் போட்டால் புது விண்டோஸும் பிழையோடு பதியலாம். இரண்டு நாள் ஓடும், திரும்ப நிற்கும். அடுத்த தீர்ப்பு: “மதர்போர்ட் போயிட்டு சேர், புதுசு எடுங்க.”

இது கற்பனை இல்லை. ஒரு பாடசாலையின் ஆய்வுகூடத்துக்குப் பழைய மாணவர்கள் காசு சேர்த்து 4 ஜிபி மெஷின்களை 8 ஜிபி ஆக்கித் தந்தார்கள். அந்தக் கிழமையே மூன்று மெஷின்களில் நீலத் திரை. இரண்டு தரம் ஃபோர்மட் அடிக்கப்பட்டது. சாதாரண தரப் பிள்ளைகள் மாதக்கணக்கில் செய்து வைத்திருந்த வேலைகள் போயின. கடைசியில் மூன்றும் கழிக்கும் பட்டியலில் ஏறின. நாங்கள் புதுத் துண்டுகளைக் கழற்றிவிட்டுப் பழையதோடு ஓடவிட்டோம். மூன்றும் இன்றும் ஓடுகின்றன. கடலுக்குப் போகும் வாப்பாவின் பிள்ளைக்கு வீட்டில் கம்பியூட்டர் கிடையாது, ஆய்வுகூடத்தில் இருப்பதுதான். அதைக் குப்பைக்கு அனுப்ப யாருக்கு உரிமை?

“புது ரெம் எப்படிப் பழுதாகும்?” என்று கேட்பவர்களுக்கு: கூகுள் நிறுவனத்தின் சேவர்களை ஆராய்ந்து 2009 இல் வெளியான ஆய்வில், ஒரு வருடத்துக்குள் ஏறக்குறைய மூன்றில் ஒரு மெஷினில் நினைவகப் பிழை ஒரு தரமாவது பதிவாகியிருந்தது. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸின் கம்பியூட்டரே 2022 ஒக்டோபரில் தாறுமாறாகப் பிழைவிட்டது. அவரும் முதலில் மென்பொருளைத்தான் சந்தேகித்தார். கடைசியில் பார்த்தால் ஒரு ரெம் துண்டு கெட்டுப்போயிருந்தது. அவருக்கே இந்த நிலை என்றால் நமக்கு?

பழுதில்லாத ரெம்மும் உங்கள் மெஷினுக்குப் பொருந்தாமல் போகலாம். டி.டி.ஆர்.3 ரெம் 1.5 வோல்டில் ஓடும், டி.டி.ஆர்.3 எல் 1.35 வோல்டிலும் ஓடும். குறைந்த வோல்ட் மட்டுமே தரும் லெப்டொப்புக்கு முதலாவதைப் போட்டால் கரைச்சல்தான். மலிவாக வரும் சில டி.டி.ஆர்.3 துண்டுகள் ஏ.எம்.டி. போர்டுகளுக்கு மட்டும் செய்தவை, இன்டெல் போர்டில் ஒழுங்காக ஓடாது. கடற்கரை ஊரில் உப்புக்காற்று பட்டு ஸ்லொட்டிலும் கறை பிடிக்கும்.

இப்போது நிலைமை இன்னும் மோசம். செயற்கை நுண்ணறிவு நிலையங்களுக்கே ரெம் போய்ச் சேருவதால் உலகம் முழுக்க விலை ஏறிவிட்டது. மைக்ரோன் நிறுவனம் ‘குருஷல்’ என்ற பெயரில் பொதுமக்களுக்கு விற்றுவந்ததையே நிறுத்துவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. விலை ஏறினால் கழற்றி எடுத்ததும் பெயரில்லாததும் சந்தைக்கு வரும். கவனமாக இருங்கள்.

அப்படியானால் என்ன செய்வது?

1. முதலில் முக்கியமான ஃபைல்களின் பிரதி பென் டிரைவில் இருக்கட்டும். ரெம் கூட்ட முன்னரே எடுத்து வைப்பது நல்லது.

2. மின்சாரத்தைத் துண்டித்து, புது ரெம்மைக் கழற்றி, பழையதோடு ஓரிரு நாள் ஓடவிடுங்கள். நிற்காவிட்டால் குற்றவாளி கிட்டத்தட்டப் பிடிபட்டாச்சு.

3. பிறகு புதியதை மட்டும் தனியே போடுங்கள். ஸ்லொட்டை மாற்றியும் பாருங்கள். தனித்தனியே ஓடி, சேர்த்தால் மட்டும் நின்றால் இரண்டுக்கும் ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம்.

4. விண்டோஸிலேயே ‘மெமரி டயக்னொஸ்டிக்’ இருக்கிறது. அதைவிட நல்லது ‘மெம்டெஸ்ட்86 பிளஸ்’. இலவசம். பென் டிரைவில் போட்டு இரவு முழுக்க ஓடவிடுங்கள். ஒரேயொரு பிழை காட்டினாலும் அந்த அமைப்பை நம்ப வேண்டாம்.

5. புது மெஷின் என்றால் பயோஸில் ‘எக்ஸ்.எம்.பி.’ என்ற வேகக் கூட்டலை நிறுத்திப் பாருங்கள்.

பழைய ரெம்மோடும் நிற்கிறதா? அப்போது பவர் சப்ளை, சூடு, ஹார்ட் டிஸ்க் என்று தேடுங்கள். ஃபோர்மட்டின் முறை அதற்கெல்லாம் பிறகுதான்.

கடை வைத்திருக்கும் தம்பிமாருக்கு: உங்கள் உழைப்பை நாங்கள் குறைத்துப் பேசவில்லை. “டெஸ்ட் பண்ண ஒரு ராவு வேணும், ஆக்கள் பொறுக்கிறாங்க இல்ல” என்று சொல்கிறீர்கள். நியாயம். அந்த இரவுக்குக் கூலி கேளுங்கள், தருகிறோம். ஆனால் கேட்காமல் ஃபோர்மட் அடிக்காதீர்கள். பில்லில் ரெம்மின் மொடல் இலக்கத்தையும் உத்தரவாதத்தையும் எழுதுங்கள். கழற்றிய பழைய ரெம்மை உரியவரிடமே திருப்பிக் கொடுங்கள்.

ஊரவர்களுக்கு: “இன்னைக்கே வேணும், குறைஞ்ச விலைக்கு வேணும்” என்று நெருக்குவதை நாமும் நிறுத்த வேண்டும்.

பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களுக்கும் பழைய மாணவர் சங்கங்களுக்கும்: ரெம் கூட்டக் காசு கொடுக்கும்போது சோதித்துத் தரும் பொறுப்பையும் சேர்த்தே கேளுங்கள். சோதித்த விபரம் எழுத்தில் இல்லாமல் ஒரு மெஷினையும் கழிக்கச் சம்மதிக்காதீர்கள். அது ஊரின் காசு, பிள்ளைகளின் பொருள்.

சரி என்று பட்டால் பகிருங்கள். பிழை என்று நினைக்கும் கடைக்காரத் தம்பிமார் கீழே எழுதுங்கள், பேசுவோம்.