வட்டு தெரியவில்லை என்றால் தரவு அழிந்துவிட்டது என்று பொருளல்ல

ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் நாள் நெருங்குகையில் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் கணினியில் தெரியாமல் போவது ஆய்வு மாணவர் பலர் அறிந்த அச்சம். பல ஆண்டுக் களப்பணியின் ஒலிப்பதிவுகள் அந்த ஒரு பெட்டிக்குள்தான் இருக்கும். அப்பதற்றத்தில், 'ஃபார்மட் செய்யவா?' என்று திரை கேட்டதும் 'ஆம்' என்று அழுத்திவிடுகிறார்கள். வட்டின் கோளாறு செய்யாத கேட்டை அந்த ஒரு சொடுக்கு செய்துவிடுகிறது.

வட்டு தெரியாமைக்குக் காரணங்கள் பல. முதலாவது மின்சாரம். யூஎஸ்பி 2.0 துளை 500 மில்லிஆம்பியரும் 3.0 துளை 900 மில்லிஆம்பியரும் தருவதே நியமம். சுழலத் தொடங்கும் வட்டுக்குச் சில வேளைகளில் அது போதாது. இரண்டாவது, பெட்டியிலுள்ள சிப்புக்கும் கணினியின் டிரைவருக்கும் இடையிலான பொருத்தமின்மை. வேகமான 'யூஏஎஸ்' முறையைச் சில சிப்புகள் சரிவரக் கையாள்வதில்லை. அவற்றைப் பழைய டிரைவரிடம் ஒப்படைப்பதற்கென்றே லினக்ஸ் கர்னல் ஒரு விதிவிலக்குப் பட்டியலை வைத்திருக்கிறது. மூன்றாவது, கோப்பு முறைமை. லினக்ஸின் எக்ஸ்ட்4 வடிவில் உள்ள வட்டை ஃபார்மட் செய்யுமாறு விண்டோஸ் கேட்பது, தான் அறியாத எழுத்தில் அமைந்த சுவடியை வெற்றோலை என்பதற்கு ஒப்பாகும்.

ஆகவே, எதையும் எழுதாமல் சோதிப்பதே முறை. முதலில் கேபிள், பின்பு துளை, பின்பு வேறொரு கணினி. அதன்பின் டிவைஸ் மேனேஜரில் டிரைவரின் நிலையையும், டிஸ்க் மேனேஜ்மென்டில் வட்டுக்கு எழுத்து ஒதுக்கப்பட்டுள்ளதா என்பதையும் காண வேண்டும். வட்டிலிருந்து 'டக் டக்' என்ற ஓசை எழுந்தால் உடனே நிறுத்திவிட வேண்டும். அது டிரைவரின் குறையன்று.

எனினும் முழுப் பழியையும் மாணவர்மேல் சுமத்துவது நியாயமாகாது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு விதிமுறைகளுக்குப் பின், முடிந்த ஆய்வேடுகளுக்குச் சோத்கங்கா என்னும் களஞ்சியம் வாய்த்தது. அந்த ஆய்வேடுகளுக்கு அடித்தளமான தரவுக்கோ, பல துறைகளில் மாணவர் தம் உதவித்தொகையில் வாங்கிய வட்டே இன்றும் களஞ்சியம். துறைதோறும் சர்வரில் ஆய்வாளருக்கு இடம் ஒதுக்குவது ஆடம்பரமன்று. ஆய்வு ஆலோசனைக் குழு ஒவ்வொரு முறை கூடும்போதும், 'எத்தனை இயல் முடிந்தது?' என்பதோடு 'தரவின் இரண்டாம் படி எங்கே இருக்கிறது?' என்றும் கேட்க வேண்டும். அக்கேள்விக்கு விடை இருக்குமாயின், வட்டு தெரியாத நாள் வெறும் பழுதுபார்க்கும் நாளாகவே கழியும்.