தாய் பிழைத்தால் போதுமா?

ஜப்பானிய அரிசி மதுவான சாக்கேயைத் தயாரிப்போரிடம் ‘ஷுபோ’ என்றொரு சொல் உண்டு. ‘மதுவின் தாய்’ என்பது அதன் நேர்ப்பொருள். தயிருக்கு உறைமோர் எப்படியோ, ஏறக்குறைய அப்படி: ஈஸ்ட் செழித்து வளர்ந்த இந்தத் தொடக்கக் கலவையே தொட்டி முழுவதையும் நொதிக்கச் செய்கிறது.

ஃபுகுஷிமா மாகாணத்தின் நமியே ஊரில், உக்கேதோ கடற்கரையை ஒட்டியிருந்த மதுவாலையில் சுசுகி குடும்பம் தலைமுறைகளாக ‘இவாக்கி கொத்தோபுக்கி’ என்னும் சாக்கேயைத் தயாரித்து வந்தது. 2011 மார்ச் 11 அன்று ஆழிப்பேரலை ஆலையை அடித்துச் சென்றது. அணுமின் நிலையம் 10 கிலோமீட்டருக்குள் இருந்தமையால் மறுநாளே மக்களும் வெளியேற்றப்பட்டனர். எஞ்சியது, ஆய்வுக்காக முன்னரே ஐசு-வகமட்சுவிலுள்ள மாகாண ஆய்வு நிலையத்திடம் ஒப்படைக்கப்பட்டிருந்த ஷுபோ. அதிலிருந்து பெற்ற ஈஸ்டைக் கொண்டு, அவ்வாண்டின் இறுதியிலேயே யமகத்தா மாகாணத்தின் நகாய் நகரில் வேறொரு மதுவாலையை ஏற்று அக்குடும்பம் தொழிலைத் தொடர்ந்தது.

அருகிவரும் மொழிகளை ஒலிப்பதிவு செய்து காப்பகங்களில் சேர்க்கும் நம் துறையினருக்கு இதைவிட இனிய உவமை வாய்க்காது. மாதிரி பிழைத்தது, ஆகவே மரபும் பிழைத்தது. நிதி விண்ணப்பங்களில் நாம் எழுதிப் பழகிய இந்த ‘ஆகவே’யைத்தான் நான் ஏற்க மறுக்கிறேன். ஆய்வு நிலையத்தில் இருந்த கலவை தானாக மதுவாகிவிடவில்லை. நகாயின் நீர் வேறு, குளிர் வேறு. அங்கும் அதை வளர்த்தெடுக்கத் தெரிந்த கைகள் உயிருடன் இருந்தன. (நான் அந்தச் சாக்கேயைச் சுவைத்ததில்லை, பழைய சுவை திரும்பியதா என்று தீர்ப்புக் கூற எனக்குத் தகுதியில்லை.)

2021இல் அக்குடும்பம் நமியேயில் மீண்டும் ஓர் ஆலையைத் திறந்தது. அது இருப்பது நெடுஞ்சாலையோர வணிக வளாகம் ஒன்றில். உக்கேதோ கரையில் இன்று வீடு கட்ட அனுமதியில்லை. பேரிடருக்கு முன் நமியேயில் சுமார் 21,000 பேர் வாழ்ந்தனர். 2017இல் ஊரின் ஒரு பகுதி திறந்துவிடப்பட்ட பின்னரும் அவர்களில் மிகச் சிலரே திரும்பினர். ‘கொத்தோபுக்கி’ என்றால் மங்கல வாழ்த்து. வாழ்த்துப் பெற வேண்டியவர்கள் நாடெங்கும் சிதறிக் கிடக்கையில் ‘மீட்சி’ என்ற சொல்லை இவ்வளவு எளிதாக வழங்கலாமா?

நம் காப்பகங்களிலும் பேசுவோரைப் பிரிந்த ஒலிப்பதிவுகள் அடுக்கப்பட்டுள்ளன. அவற்றின் தேவையை நான் மறுக்கவில்லை. ஐசு-வகமட்சு இல்லையேல் நகாய் இல்லை. எனினும், அடுத்த திட்ட வரைவில் பதிவுக் கருவிகளுக்குக் கோரும் தொகைக்கு இணையாக, அம்மொழியின் மூத்தோருடன் ஓராண்டு தங்கிப் பேசிப் பழக அவ்வூர் இளைஞர் ஒருவருக்கு உதவித்தொகையும் கோருவோம் என்று துறை நண்பர்களிடம் முன்மொழிகிறேன்.