வேடிக்கை பார்த்தது போதும்

அந்தமான் என்றதும் தமிழ்த் திரையுலகிற்கு நினைவுக்கு வருவன இரண்டே. ஒன்று, காதலர் கைகோத்து உலவும் கடற்கரை, மற்றொன்று, சிறைக்கூடம். 1978இல் 'அந்தமான் காதலி' வந்தது. 1996இல் 'சிறைச்சாலை' வந்தது. அவற்றை நான் குறைகூற வரவில்லை. பின்னதன் ஒளிப்பதிவுக்காகச் சந்தோஷ் சிவன் பெற்ற தேசிய விருது தகுதிக்குக் கிடைத்த பரிசே. ஆயினும், படக்குழுவினர் கப்பலேறிய பின்னும் அத்தீவிலேயே தங்கி வாழும் தமிழன் எந்தப் படத்தில் இருக்கிறான், தோழர்களே? ரப்பர் மரத்தில் பால் வடிப்பவனை, துறைமுகத்தில் மூட்டை சுமப்பவனைத் திரையில் கண்டீர்களா?

தீவில் பிறந்து இங்கே முதுநிலைப் பௌதிகம் பயிலும் எனக்கு இவ்வினாவை எழுப்பியவன் என் நண்பன். 1964ஆம் ஆண்டுச் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து அனுப்பப்பெற்று, நிக்கோபாரின் கச்சால் தீவில் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்ட குடும்பங்களுள் ஒன்று அவனுடையது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கச்சாலைச் சூறையாடியபோது அவன் கைக்குழந்தை. இன்று சென்னையில் ஒரு திரைப்படக் கல்லூரியில் முதலாண்டு மாணவன்.

"கூத்தாடுவதற்கும் ஒரு படிப்பா? பௌதிகம் படிக்கிறவன் நீயாவது புத்தி சொல்லப்பா" என்றார் அவன் தாயார். "அவன் படிக்கப் போவதும் பௌதிகந்தான், அம்மா" என்றேன். விளையாட்டுப் பேச்சன்று. வில்லையில் ஒளி எங்ஙனம் வளைகிறது, நொடிக்கு 24 படங்கள் ஓடினால் கண் அதனை அசைவென நம்புவது ஏன் என்பனவெல்லாம் அங்கே பாடம். எங்கள் தீவில் கதிரவன் சென்னையைவிட ஏறத்தாழ 50 நிமிடம் முந்துகிறான். கடிகாரமோ இரண்டு ஊருக்கும் ஒன்றே! மார்கழியில் மாலை 5 மணிக்கே பொழுது சாயும். அந்த வெளிச்சத்தில் வளர்ந்த கண்ணை எந்தக் கல்லூரி தரும்?

ஆனால், மூன்று நாள் கப்பலில் வந்து இறங்கியவனுக்கு மாநகரம் முதலில் கற்பித்தது வெட்கம். எங்கள் ஊரில் வீட்டில் தமிழ், வீதியில் இந்தி. அவன் பேச்சில் இடையிடையே இந்தி விழ, உடன் பயில்வோர் நகைத்தனராம். விளைவு? முதற் பயிற்சிப் படத்துக்கு அவன் எழுதிய கதை மெரீனாக் கடற்கரையில் ஒரு காதல். எழுதி எனக்கும் அனுப்பினான். கடலில் பிறந்தவனுக்குக் கடன் வாங்கிய கடல்!

இலங்கையில் மட்டக்களப்பை அடுத்த அமிர்தகழியில் பிறந்த பாலு மகேந்திராவை எண்ணுங்கள். 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' (1957) படப்பிடிப்புக்காக டேவிட் லீன் அத்தீவுக்கு வந்திருந்தபோது பள்ளிச் சிறுவனாக வேடிக்கை பார்த்தவர் அவர். வேடிக்கையோடு நின்றாரா? பிரபாத் ஸ்டூடியோ இருந்த வளாகத்தில் 1960இல் தொடங்கப்பெற்ற புனே திரைப்படக் கல்லூரிக்குச் சென்று, 1969இல் ஒளிப்பதிவில் தங்கப் பதக்கம் வென்றார். மொழி தெரியாத ஊரில் தொழில் கற்றவர், தமிழில் தாம் முதன்முதல் இயக்கிய 'அழியாத கோலங்கள்' (1979) படத்துக்கு எங்கே கதை தேடினார்? தம் இளமை நினைவுகளில்! எங்கள் தீவுக்கும் படப்பிடிப்புகள் வந்தன. நாங்களும் கூட்டமாய் நின்று பார்த்தோம். பொழுது சாய்ந்ததும் வீடு திரும்பினோம்.

இதையெல்லாம் எழுதி, "மெரீனாவை விடு, உன் பாட்டியைப் படமெடு" என்று முடித்தேன். இரண்டு வாரம் மறுமொழி இல்லை. சினந்துவிட்டான் என்றே நினைத்தேன். பிறகு ஒரே வரி வந்தது: "பாட்டி சம்மதித்துவிட்டாள்."

வரும் விடுமுறையில் இருவரும் செல்கிறோம். நிக்கோபார் செல்ல அரசின் அனுமதி வேண்டும், விண்ணப்பம் எழுதியாயிற்று. படக்கருவியின் ஒரு வார வாடகைக்குத்தான் வழியில்லை. நம் மன்றத்தின் ஆண்டு விழா அழைப்பிதழை இவ்வாண்டு வழவழப்புத் தாளில் அச்சிடாமல் சாதாரணத் தாளில் அச்சிட்டு, மிஞ்சும் தொகையை இதற்கு அளிக்கலாம் என்பது என் முன்மொழிவு. செயற்குழு அடுத்துக் கூடும்போது எழுந்து கேட்பேன். மறுப்போர் காரணத்தோடு வரட்டும்.