மூட்டை கட்டும் வாரம்

எண்ணூர் முகத்துவாரத்துக்கு அக்கரையில், கிழக்கே சமுத்திரமும் மேற்கே கழியுமாக நீண்டு கிடக்கும் காட்டுப்பள்ளித் தீவில், நான் வாலிபனாயிருந்த காலத்தில் ஊழியம் செய்துவந்த உபதேசியார் ஒருவருக்கு மாறுதல் உத்தரவு வந்தபோது, அவருடைய சாமான்களைப் படகேற்றி இக்கரை சேர்க்க ஒத்தாசையாகப் போன என் சிற்றப்பாவோடு நானும் சென்று நாலைந்து நாள் அங்கே தங்கியிருந்தேன். சாமான் என்று பிரமாதமாக ஒன்றும் இல்லை. ஒரு தகரப் பெட்டி, ஒரு கயிற்றுக் கட்டில், கட்டை ஒன்று எழும்பாத ஓர் ஆர்மோனியம். அவற்றைக் கட்டுகிற வேலையை எங்களிடம் விட்டுவிட்டு, அந்த மனிதர் வாரம் முழுவதும் வேறொரு காரியத்தில் முனைந்திருந்தார். காலையில் படகுகள் கரையேறி, வலை உதறி முடிந்ததும், வயோதிக மீனவர் ஒருவரைத் தம் திண்ணையில் உட்காரவைத்து, நாற்பது பக்க நோட்டு ஒன்றை மடியில் விரித்து, வாடை, ஈரான், கச்சான், கொண்டல் என்று காற்றுகளின் பெயரையும், கழியில் எந்த வளைவுக்கு என்ன பெயர் என்பதையும், எந்தக் குப்பத்தாருக்கு எந்த இடத்தில் எப்போது வலைபோடும் பாத்தியம் என்பதையும் கேட்டுக் கேட்டு எழுதினார்.

“எழுதி வச்சுட்டுப் போறீங்களே, நல்லது உபதேசியாரே. வர்றவருக்கு நான் மறுபடியும் ஆனா ஆவன்னாலேர்ந்து சொல்லத் தேவையில்ல பாருங்க” என்றார் கிழவர். எழுதி முடித்த அன்று நோட்டின் முதல் பக்கத்தில் உபதேசியார் தம் பெயரை எழுதாமல் அந்தக் கிழவரின் பெயரை எழுதி, எழுதியதை அவருக்கே உரக்கப் படித்தும் காட்டினார். தம் பெயர் எழுத்தில் இருப்பதைக் காதால் கேட்ட கிழவர் சிறிது நேரம் ஒன்றும் பேசாமல், வேஷ்டித் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டு, அந்தப் பக்கத்தை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார்.

இராயபுரத்துக்காரனாகிய நான், வின்ஸ்லோவின் தமிழ்–ஆங்கில அகராதியைப் புரட்டும்போதெல்லாம் அந்த விரல் ஞாபகத்துக்கு வருகிறது. அமெரிக்க மிஷனரியான மைரன் வின்ஸ்லோவும் ஒரு தீவை விட்டு மாறுதலாகி நம் பட்டணத்துக்கு வந்தவரே என்பதும், அவர் கொண்டுவந்த மூட்டையில் மிகவும் பாரமானது தமிழ்தான் என்பதும் வடசென்னையில் பலருக்குத் தெரியாது. 1819-ஆம் ஆண்டு பாஸ்டனிலிருந்து கப்பலேறி, இலங்கையில் யாழ்ப்பாணத்து உடுவிலில் குடியேறிய அவரும் அவர் மனைவி ஹாரியட்டும் அங்கே 1824-இல் பெண்களுக்கென்று விடுதிப் பள்ளிக்கூடம் ஒன்றை ஸ்தாபித்தார்கள். 1833-இல் ஹாரியட் அந்த மண்ணிலேயே காலமானார். அதே ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியின் சாசனம் புதுப்பிக்கப்பட்டபோது இந்தியாவின் வாசல் அந்நிய தேசத்தாருக்கு முன்னிலும் தாராளமாகத் திறந்தது. யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷன் முதலில் மதுரைக்கும், பின்னர் 1836-இல் சென்னைக்கும் ஆள் அனுப்பியது. அவ்விதம் சென்னைக்கு வந்தவர்களில் வின்ஸ்லோ ஒருவர். பண்டத்தரிப்பில் வைத்தியம் செய்துவந்த ஜான் ஸ்கட்டர் மற்றொருவர். சிந்தாதிரிப்பேட்டையிலும் இராயபுரத்திலும் அவர்கள் மிஷனுக்கு நிலையங்கள் ஏற்பட்டன. துறைமுகம் என்று ஒன்று கட்டப்படாத, கப்பலை விட்டு இறங்குகிறவர் எவராயினும் மசூலாப் படகில் அலை தாண்டியே கரை காணவேண்டியிருந்த, படகுக்காரர்களான குருகுல வம்சத்தார் கட்டிய இராயப்பர் கோயில் எழுந்து சில வருஷங்களே ஆகியிருந்த இராயபுரம் அது.

மதம் பரப்புவதே அவர்கள் வந்த நோக்கம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அந்த நோக்கத்தை யாழ்ப்பாணத்துச் சைவ அறிஞர் ஆறுமுக நாவலர் எவ்வளவு வன்மையாக எதிர்த்தார் என்பதும் பிரசித்தம். எனக்கு இங்கே முக்கியமான விஷயம் வேறு. 1862-இல் சென்னை அமெரிக்க மிஷன் அச்சுக்கூடத்தில் ஹண்ட் என்பவர் அச்சிட்டு வெளியிட்ட அந்த அகராதியில் சுமார் 67,000 சொற்கள் இருக்கின்றன. அத்தனையையும் தனியொரு மனிதர் சென்னையில் வந்து உட்கார்ந்து சேர்த்துவிடவில்லை. நல்லூரில் இருந்த ஆங்கில மிஷனரி ஜோசப் நைட், யாழ்ப்பாணத்துப் பண்டிதர்களைத் துணைகொண்டு வருஷக்கணக்கில் தொகுத்துவந்து, 1840-இல் தம் மரணத்தால் முடிக்காமலே விட்டுப்போன சேகரம் அதன் அஸ்திவாரம். அதே யாழ்ப்பாணத்தில் சந்திரசேகர பண்டிதர் தொகுத்து 1842-இல் வெளிவந்த 58,500 சொற்கள் கொண்ட மானிப்பாய் அகராதி அதற்கு மூத்த சகோதரம். சென்னையில் இராமாநுஜ கவிராயர் போன்ற வித்துவான்கள் செய்த சகாயம் அதன் மேல் எழும்பிய சுவர். தம் காலத்து ஆசாரப்படி வின்ஸ்லோ இவற்றை முகவுரையில் சொல்லி நன்றியும் பாராட்டியிருக்கிறார். அதில் குறை சொல்ல இடமில்லை. ஆயினும் நூலின் முதுகில் பொன்னெழுத்தில் நிற்கிற பெயர் ஒன்றுதான். பின்னாளில் அந்த அகராதியைத் திருத்தி விரிக்கும் எண்ணத்தோடு தொடங்கி, மதுரை மிஷனரி சாண்ட்லர் முதலில் பொறுப்பேற்று, கடைசியில் வையாபுரிப் பிள்ளையின் கையில் பூர்த்தியாகி, ஒரு லட்சத்து நாலாயிரத்துக்கு மேற்பட்ட சொற்களோடு வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ் லெக்ஸிகன் வரைக்கும், அந்தத் தீவின் திண்ணைகளில் பேசப்பட்ட தமிழ் ஓடிக்கொண்டிருக்கிறது.

மனிதரை இடம் மாற்றுவதில் அந்தக் காலத்து அரசாங்கமும் விசித்திரமாகவே நடந்துகொண்டது. 1820-இல், யாழ்ப்பாண மிஷனுக்கு அச்சு வேலை தெரிந்த ஜேம்ஸ் காரெட் என்பவர் வந்து சேர்ந்தபோது, இலங்கை அதிகாரிகள் அவரைத் தீவில் தங்கவிடாமல் வெளியேற்ற, அவர் பம்பாய்க்குப் போய் அங்கே மராத்தி அச்சுக்கு உழைத்தார். யந்திரம் தீவில் கிடந்தது, கைபழகிய ஆள் வேறு கரையில். ஓர் உத்தரவு எவ்வளவு சுலபமாக ஆளையும் கருவியையும் பிரித்துவிடுகிறது!

இதற்கு நேர்மாறான ஒருவரையும் அதே யாழ்ப்பாணத்தில் காண்கிறோம். மானிப்பாயில் வைத்தியம் செய்த சாமுவேல் கிறீன், தாம் ஒருநாள் போகவேண்டியவர் என்பதை முதலிலேயே உணர்ந்தவர்போல, தம் மாணவர்களுக்குத் தமிழிலேயே மேனாட்டு வைத்தியம் கற்பித்து, அந்த மாணவர்களையே கூட்டாளிகளாக்கி உடற்கூறு, இரசாயனம் முதலிய சாஸ்திர நூல்களைத் தமிழாக்கினார். 1873-இல் அவர் நிரந்தரமாக ஊர் திரும்பியபோது, வைத்தியத்தைத் தமிழில் படித்த வைத்தியர்கள் கிராமங்களில் இருந்தார்கள். அதற்குப் பிறகு அந்தப் படிப்பு ஆங்கிலத்துக்கு மாறிப்போனது அவர் குற்றமன்று.

இனி நம் கரைக்கு வருகிறேன். காட்டுப்பள்ளித் தீவு இன்று அந்தக் கிழவர் அறிந்த தீவு அன்று. அதன் கரையில் காட்டுப்பள்ளித் துறைமுகமும், தெற்கே 2001-இல் திறக்கப்பட்ட, இப்போது காமராஜர் பெயர் தாங்கிய எண்ணூர்த் துறைமுகமும் இருக்கின்றன. கழியோரத்தில் அனல்மின் நிலையங்கள், சாம்பல் குட்டைகள். 2017 ஜனவரியில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கழிக்குள் புகுந்து, படகு, வலை, அலையாத்திச் செடிகள் எல்லாவற்றிலும் கறுப்பாகப் படிந்தது. இவ்வளவு விபரீதங்களுக்கும் நடுவே அந்தக் கழியைப்பற்றி முடிவெடுக்க வருகிற உத்தியோகஸ்தர் ஒவ்வொருவருக்கும் முதலில் யாராவது ஒரு மீனவர்தான் உபாத்தியாயராக அமைகிறார். பழவேற்காடு ஏரியிலும் அதைத் தொட்ட நீர்நிலைகளிலும் வழங்குகிற ‘பாடு’ என்ற ஏற்பாடு, அதாவது இன்ன இடத்தில் இன்ன நாளில் இன்னார் வலைபோடலாம் என்று குப்பத்தார் தங்களுக்குள் சீட்டுப் போட்டும் முறைவைத்தும் தீர்த்துக்கொள்ளும் பரம்பரை ஒழுங்கு, எந்த வரைபடத்திலும் கோடாக விழுவதில்லை. அதைப் புரிந்துகொள்ள ஓர் அதிகாரிக்கு ஒன்றரை வருஷம் ஆகிறது. புரிந்துகொண்ட மறு மாதம் அவருக்கு மாறுதல் வந்துவிடுகிறது.

மாறுதலே கூடாது என்பது என் வாதமன்று. ஒரே நாற்காலியில் ஒருவர் வேரூன்றிவிட்டால் என்ன விளையும் என்பதைச் சர்க்காரும் அறியும், சபைகளும் அறியும். நான் ஆட்சேபிப்பது அந்தக் கடைசி வாரத்தை நாம் செலவிடும் விதத்தை. பிரிவுபசார விழா, சந்தன மாலை, குழுவாக நின்று எடுத்துக்கொள்ளும் படம், பிறகு பொறுப்பு ஒப்படைப்பு என்ற ஒரு தாள். ஒருமுறை ஓர் அலுவலகத்தில் (எது என்பது அநாவசியம்) அப்படிப்பட்ட தாள் ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். மேஜை 4, நாற்காலி 11, இரும்பு அலமாரி 2, சாவி 2, அதில் ஒன்று பழுது என்று மிக நேர்த்தியாக எழுதியிருந்தது. அந்த அதிகாரி அந்தக் கரையில் மூன்று வருஷம் கற்றவற்றில் ஒரு வரியாவது அதில் இல்லை. கற்பித்தவர்களின் பெயரும் இல்லை.

ஆகவே நான் கேட்பது சிறிய காரியம். கடலோரத்திலும் கழியோரத்திலும் உத்தியோகம் பார்த்து மாறிப்போகிற மீன்வளத்துறையார், வருவாய்த்துறையார், மாசுக் கட்டுப்பாட்டுத்துறையார், பள்ளித் தலைமையாசிரியர், ஆரம்ப சுகாதார நிலைய வைத்தியர், ஏன், பங்குச் சாமியார் உட்பட யாராயினும், தங்கள் கடைசி வாரத்தில் அந்த ஊரைப்பற்றித் தாங்கள் அறிந்ததைத் தமிழில் எழுதி, சொல்லித்தந்தவர்கள் பெயரை அவர்கள் சம்மதத்தோடு மேலே குறித்து, ஊர்ப் பொதுவில் அவர்களுக்கே படித்துக்காட்டி, பிழையிருந்தால் அங்கேயே திருத்தி, ஒரு பிரதியை அலுவலகத்திலும் ஒரு பிரதியைக் குப்பத்துப் பஞ்சாயத்திலும் வைத்துவிட்டுப் போகவேண்டும். படித்துக்காட்டுவது முக்கியம், வின்ஸ்லோ காலத்துப் பண்டிதர்கள் அச்சுத்தாளைப் பார்த்துப் பிழை சொல்லக்கூடியவர்கள், நம் கிழவர்களோ காதால்தான் பிழை பிடிப்பார்கள். செலவு நாற்பது பக்க நோட்டு ஒன்று.

“இதற்கெல்லாம் நேரம் எங்கே ஐயா?” என்று ஓய்வுபெற்ற அதிகாரி நண்பர் ஒருவர் கேட்டார். அடுத்த ஊருக்கு வீடு பார்ப்பதும் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தேடுவதும் அந்த ஒரு வாரத்தில்தான் நடக்கவேண்டியிருக்கிறது என்று அவர் சொன்னது நியாயமே. அதற்காக மாறுதல் உத்தரவை ஒரு மாதம் முன்னதாகக் கொடுத்தால் எந்தக் கப்பலும் கவிழ்ந்துவிடாது.

போன மாதம் முகத்துவாரம் அருகே நின்றிருந்தேன். புதிதாக வந்த இளம் அதிகாரி ஒருவர் ஜீப்பை விட்டு இறங்கி, கையில் வரைபடத்தோடு, வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவரிடம் மிக மரியாதையாகத்தான் கேட்டார்: “ஐயா, இந்தப் பாடு பாடுன்னு சொல்றாங்களே, அது என்ன?” பெரியவர் வலைக்குச்சியைக் கீழே வைத்தார். “உக்காருங்க சார்” என்று பக்கத்தில் கவிழ்த்திருந்த படகைக் காட்டிவிட்டு, ஈர மணலைப் புறங்கையால் சமன் செய்து, விரலால் கழியின் முதல் வளைவை வரையத் தொடங்கினார்.