பொது அறமும் இடத்து வழக்கும்

அறம் இடத்துக்கு இடம் மாறுவது. ஒரு நாட்டார் வழக்கை மற்றொரு நாட்டார் குறைகூறல் தகாது என்னும் கருத்து இன்று கற்றோரிடையே செல்வாக்குப் பெற்றுள்ளது. அடக்கமும் பெருந்தன்மையும் கலந்த கருத்தே. உடை, உணவு, மணச்சடங்கு ஆகியவற்றில் அதனை முழுமனத்தோடு ஏற்கலாம். ஒருவர் பிழைப்பைத் தடுக்கும் இடத்திலும் ஏற்கலாமா?

திருப்பெரும்புதூர் – ஒரகடம் தொழில் வட்டாரம் இவ்வினாவுக்கு நல்ல உரைகல். அங்குள்ள ஃபாக்ஸ்கான் ஆலையில், ஐபோன் தயாரிக்கும் பணிக்கு மணமான பெண்கள் தவிர்க்கப்படுவதாக 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் எழுதிற்று. நடுவண் தொழிலாளர் அமைச்சகம், 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டத்தைச் சுட்டி, மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்தது. புதிதாகச் சேர்த்தோரில் 25 விழுக்காட்டினர் மணமான பெண்கள் என்றது. அவ்வழக்கின் தீர்ப்பை நான் கூறப் புகவில்லை. ஆள்சேர்ப்போர் கூறியனவாக வெளிவந்த காரணங்களையே நோக்குகின்றேன்.

குடும்பப் பொறுப்பு மிகுதி, கருவுற்றால் விடுப்பு, தாலி, மெட்டி முதலிய உலோக அணிகள் என்பன அவை. இந்நாட்டு வழக்கம் அப்படி, நாம் என் செய்வது என்பதே இவற்றின் சாரம். உலோகம் இடையூறு எனில் வாயிலில் கழற்றச் சொல்லலாம். தோடணிந்த மணமாகாப் பெண்ணுக்கும் அவ்விதி பொருந்துமே! மணமாயிற்றா என வினவுவது எதற்கு? குடும்பப் பொறுப்பைக் காட்டி மணமான ஆடவனை எவரும் திருப்பி அனுப்புவதில்லை. தனக்குப் பொருள் செய்து தருவோர் மணநிலை பற்றி வேறுபாடு காட்டலாகாது என ஆப்பிள் நிறுவனமே விதி வகுத்துள்ளது. அவ்விதி காஞ்சிபுரம் மாவட்டத்தில் மட்டும் பொருள் மாறுமோ?

இடம் மாறினால் அளவுகோல் மாறும் என்பதற்கு வேறு சான்றும் உண்டு. தொழிற்சங்கம் கூடாது என்னும் பழங்கொள்கையைக் கைவிடுவதாகச் சாம்சங்கின் லீ ஜே-யோங் 2020 மே மாதம் தென்கொரியாவில் மன்னிப்புக் கோரினார். சுங்குவார்சத்திரத்து ஆலைத் தொழிலாளரோ, சங்க ஏற்பு வேண்டி 2024 செப்டம்பர் 9 தொடங்கி 37 நாள் வேலைநிறுத்தம் செய்ய நேர்ந்தது. வழக்கத்தைக் காரணம் காட்டுவோர் எப்போதும் அதனால் பயன்பெறுவோரே; பணி மறுக்கப்பட்ட பெண் அதனைக் காட்டுவதில்லை.

எல்லார்க்கும் ஒரே அளவுகோல் என்பது மேலைநாட்டார் தந்த இரவல் எனப் பெரியோர் சிலர் ஐயுறலாம். குறளுக்கு உரை வகுத்த பரிமேலழகர் வருண ஒழுக்கத்தை ஏற்றவர். அவரே தம் உரைப்பாயிரத்தில், ஒழுக்கம் வருணந்தோறும் வேறுபடுதலின் அச்சிறப்பியல்புகளை நீக்கி, எல்லார்க்கும் ஒத்த பொதுவியல்பையே வள்ளுவர் கூறினார் என்று விளக்குகின்றார். மாணவர்கள் அப்பகுதியைத் தேர்வுக்காக மட்டும் படித்து விட்டுவிடுகின்றனர் என்பது என் நெடுநாள் குறை.

2024 நவம்பரில், வேலை விளம்பரங்களில் அகவை, பால், மணநிலை ஆகியவற்றைக் குறிக்கலாகாது என ஃபாக்ஸ்கான் தன் ஆள்சேர்ப்போருக்குக் கூறியதாகச் செய்தி வந்தது. நல்லதே. ஆயின், நேர்காணலில் அவ்வினா இன்னும் கேட்கப்படுகின்றதா என்பதை இனி எந்த விளம்பரமும் நமக்குக் காட்டாது.