இறக்கத்தில் ஒரு கணக்கு

தர்மபுரியிலிருந்து சேலத்துக்குப் போகிறவர்கள் தொப்பூர்க் கணவாயை நெருங்கியதும் செய்கிற காரியம் ஒன்று உண்டு. அதுவரையில் பஸ்ஸில் அரசியல் பேசிக்கொண்டு வந்தவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். ஜன்னல் ஓரத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர் விழித்துக்கொள்வார். கணவாயில் ஆஞ்சநேயர் கோயில் தென்பட்டதும் கைகள் தாமாகவே குவியும். நாத்திகர் என்று பெயர் வாங்கிய நமது நண்பர் ஒருவர்கூட அந்த இடத்தில் சட்டைப் பொத்தானைச் சரி செய்வது போல் மார்பருகே கையைக் கொண்டுபோவதை நாம் பல தடவை கவனித்திருக்கிறோம். ஆயினும் அவரிடம் அதைப் பற்றிக் கேட்டதில்லை. சிநேகிதம் முக்கியம் அல்லவா?

பாராமகாலின் மேட்டு நிலம் தீர்ந்து சேலத்துச் சமவெளிக்கு இறங்கும் வழி இது. திப்பு சுல்தானுக்கும் கும்பினியாருக்கும் 1790-ஆம் ஆண்டில் யுத்தம் நடந்தபோது சைன்யங்கள் இறங்கிய கணவாய். இப்போது இதன் வழியே செல்வது ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரையில் நீளும் 44-ஆம் நெம்பர் தேசிய நெடுஞ்சாலை. வட இந்தியாவிலிருந்து தெற்கே வரும் சிமெண்டும் இரும்பும் தானியமும் துணி மூட்டையும் இந்த இறக்கத்தில் உருண்டு வருவது உண்டு. வளைவும் சரிவும் தனித்தனியாக வந்தால் சமாளித்துவிடலாம். இங்கே இரண்டும் கைகோத்துக்கொண்டு வருகின்றன.

2020-ஆம் வருஷம் டிசம்பர் 12-ஆம் தேதி, சிமெண்ட் ஏற்றி வந்த லாரி ஒன்று இறக்கத்தில் கட்டுக்கு அடங்காமல் ஓடி வந்து, நெரிசலில் நின்றிருந்த கார்களின் மேல் மோதிற்று. பத்துக்கு மேற்பட்ட வண்டிகள் நொறுங்கின. நான்கு பேர் மாண்டார்கள். 2024-ஆம் வருஷம் ஜனவரி 24-ஆம் தேதி, இரட்டைப் பாலத்தின் அருகே ஒரு லாரி முன்னால் சென்ற லாரியை மோத, ஒன்று பாலத்திலிருந்து கீழே கவிழ, நடுவில் அகப்பட்ட வண்டிகள் தீப்பற்றின. அன்றும் நான்கு உயிர்கள். அந்தப் பயங்கரக் காட்சியைச் சாலை ஓரத்துக் காமிரா படம் பிடித்துவிட்டது. அன்று இரவுக்குள் தேசத்தில் உள்ள கைபேசிகளில் எல்லாம் அந்தப் படம் ஓடிற்று.

அடுத்துப் பள்ளி திறந்த நாளில் நமது வகுப்பிலும் அதே பேச்சுத்தான். பிள்ளைகள் அதைச் சினிமாக் காட்சி போல் கைகளை ஆட்டி விவரித்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது பெஞ்சில் ஒரு பையன் மட்டும் வாயே திறக்கவில்லை. அவனுடைய தகப்பனார் லாரி டிரைவர். விபத்து நடந்த அன்று மாலை அவருடைய போன் இரண்டு மணி நேரம் எடுபடவில்லையாம். பிறகு, தாம் நாகபுரிக்குப் பக்கத்தில் லோடு இறக்கிக்கொண்டிருப்பதாகச் சொன்னாராம். பையனுக்கு உயிர் வந்தது. ஆனால் பேச்சு வரவில்லை.

அன்று பாடம் சக்தியைப் பற்றியது. அகஸ்மாத்தாக அமைந்ததா, நாமே அமைத்துக்கொண்டோமா என்பதை இப்போது நிச்சயமாகச் சொல்வதற்கில்லை. கரும்பலகையில் ஒரு கணக்குப் போட்டோம். சுமையோடு 25 டன் எடையுள்ள லாரி ஒன்று 100 மீட்டர் உயரம் இறங்குகிறது. அப்போது வெளிப்படும் சக்தி எவ்வளவு? சுமார் இரண்டு கோடியே 45 லட்சம் ஜூல். அதே லாரி மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது அதனிடம் உள்ள சக்தி ஏறக்குறைய 15 லட்சம் ஜூல்தான். ஆகவே 100 மீட்டர் இறங்குவது என்றால், 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் லாரியைப் பதினாறு தடவை ஓட்டி ஓட்டி நிறுத்துவதற்குச் சமானம். இத்தனை சக்தியும் எங்கேயாவது போயாக வேண்டும். கியரில் இறங்கினால் பெரும் பங்கை என்ஜின் தாங்கிக்கொள்கிறது. கியரை விட்டுவிட்டால் முழுவதும் பிரேக் டிரம்மில் உஷ்ணமாக இறங்குகிறது. டிரம் பழுக்கக் காய்ந்தால் பிரேக் பிடிமானம் குறைந்துவிடும். மிதித்துக்கொண்டே இருப்பான், வண்டி போய்க்கொண்டே இருக்கும். 'பிரேக் பிடிக்கவில்லை' என்று மறுநாள் பத்திரிகையில் வருகிற செய்தியின் உட்பொருள் பல சமயங்களில் இதுதான்.

"நியூட்ரலில் போட்டால் என்ன ஆகும், சார்?" என்று கேட்டான் அந்தப் பையன். அன்று அவன் பேசிய முதல் வார்த்தை அது.

இந்த ஒரு கேள்விக்குள் தொப்பூரின் கதை பாதி அடங்கியிருக்கிறது. இறக்கத்தில் டீசல் மிச்சம் பிடிப்பதற்காகக் கியரை நியூட்ரலில் தள்ளிவிட்டு வண்டியை உருள விடுவது டிரைவர்களுக்குள் வெகு காலமாக உள்ள பழக்கம். துணிச்சல் மிகுந்தவர்கள் என்ஜினையே நிறுத்திவிடுவதும் உண்டு. லாரியில் இருப்பதோ காற்றால் இயங்கும் பிரேக். அந்தக் காற்றை நிரப்பித் தருவது என்ஜின். என்ஜின் நின்ற பிறகு ஒவ்வொரு மிதிக்கும் காற்று குறைந்துகொண்டே வரும். 2022-ஆம் வருஷம் நவம்பர் 20-ஆம் தேதி பூனாவின் நவலே பாலத்தருகே ஒரு லாரி வரிசையாக 48 வாகனங்களை மோதிச் சேதப்படுத்தியது நேயர்களுக்கு நினைவிருக்கலாம். என்ஜினை நிறுத்திவிட்டு இறக்கத்தில் உருள விட்டதே காரணம் என்று அப்போது அதிகாரிகள் தெரிவித்தார்கள். ஆக, இது தொப்பூருக்கு மட்டும் உரிய நோய் அல்ல.

சில நாள் கழித்து அந்தத் தகப்பனாரைப் பஸ் நிலையத்துக்கு எதிரில் டீக்கடையில் சந்தித்தோம். நமக்கு முன்பே அவர் டீக்குக் காசு கொடுத்துவிட்டார். எவ்வளவு மறுத்தும் கேட்கவில்லை. பையன் கணக்கை வீட்டில் ஒப்பித்துவிட்டிருக்கிறான் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

"சார், நீங்கள் போட்ட கணக்கு சரிதான். எங்கள் ஓனர் போடுகிற கணக்கு வேறே" என்றார்.

அந்தக் கணக்கையும் விவரமாகச் சொன்னார். ஒரு லோடுக்கு இத்தனை கிலோமீட்டர், லிட்டருக்கு இத்தனை மைலேஜ், ஆகவே இத்தனை லிட்டர் டீசல் என்று ஓனர் முன்னதாகவே தீர்மானித்துவிடுகிறார். அதற்கு மேல் செலவானால் பேட்டாவில் பிடித்துக்கொள்வார். மிச்சம் பிடித்தால் அது டிரைவருக்கு. தவிரவும், இன்ன கிழமை இன்ன நேரத்துக்குள் கோயமுத்தூரில் சரக்கு இறங்க வேண்டும் என்று கண்டிப்பு. வழியில் டயர் வெடித்தாலும் சரி, மழை பெய்தாலும் சரி. முன்பெல்லாம் நீண்ட தூரத்துக்கு இரண்டு டிரைவர்கள் போவார்கள். இப்போது கிளீனர்கூட இல்லாமல் தனி ஆளாகவே போவதாகச் சொன்னார். மோட்டார்த் தொழிலாளர்களுக்கு நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி வேலைதான் என்று அப்போது அமலில் இருந்த 1961-ஆம் வருஷத்துச் சட்டம் விதித்தது. ஐந்து மணி நேரத்துக்கு ஒரு தடவை அரை மணி ஓய்வு தர வேண்டும் என்றும் அதில் இருந்தது. இதை நாம் எடுத்துச் சொன்னபோது அவர் சிரித்தார். பரிகாசமான சிரிப்பு அல்ல. குழந்தை மழலை பேசினால் பெரியவர்கள் சிரிப்பார்களே, அந்த மாதிரி.

இந்த இடத்தில் நமது ஊர்ச் சட்ட பரிபாலனத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஹெல்மெட் போடாதவருக்குத் தமிழ்நாட்டில் 2022 அக்டோபர் முதல் 1,000 ரூபாய் அபராதம். நல்ல சட்டம். அதைக் குறை சொல்கிறவர்களோடு நமக்கு உடன்பாடு இல்லை; நாமே ஒரு தடவை கட்டியிருக்கிறோம். (கடைத்தெரு வரைக்குந்தானே என்று புறப்பட்டோம். போலீஸ்காரர் நமது பழைய மாணாக்கர். மிகுந்த மரியாதையுடன் ரசீது கொடுத்தார்.) ஆனால் மறித்து நிறுத்துவதற்கு எளிதானவர்களை நிறுத்துவதில் காட்டும் உற்சாகம், நிறுத்துவதற்குக் கடினமான இடத்தில் ஏன் காணப்படுவதில்லை? புளிய மரத்தடியில் நின்று ஸ்கூட்டரை மறிக்கலாம். உச்சியிலேயே லாரியை நிறுத்தி, பிரேக்கைச் சோதித்து, டிரைவர் எத்தனை மணி நேரம் தூங்கினார் என்று கேட்டு, கியரில் இறங்குகிறாரா என்று பார்த்து அனுப்புவது சிரமமான வேலை. ஆள் வேண்டும், இடம் வேண்டும், இராப்பகல் பாராமல் நிற்க வேண்டும். இந்தியாவில் 2022-ஆம் வருஷம் சாலை விபத்துகளில் மடிந்தவர்கள் 1,68,491 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். இத்தனை பேரில் புளிய மரத்தடிச் சோதனையால் காப்பாற்றியிருக்கக் கூடியவர்கள் பலர் உண்டு. தொப்பூரில் இறந்தவர்கள் அந்தக் கணக்கில் சேர மாட்டார்கள்.

விபத்து நடந்த பிறகு என்ன ஆகிறது? டிரைவர் பேரில் வழக்குப் பதிவாகிறது. அஜாக்கிரதையால் மரணம் விளைவித்த குற்றத்துக்குப் பழைய தண்டனைச் சட்டத்தில் இரண்டு வருஷம் வரை சிறை. 2024 ஜூலை முதல் அமலுக்கு வந்திருக்கும் பாரதிய நியாய சம்ஹிதையில் ஐந்து வருஷம் வரை. மோதிவிட்டு ஓடினால் பத்து வருஷம் என்ற விதியை எதிர்த்து 2024 ஜனவரி முதல் வாரத்தில் வட இந்திய டிரைவர்கள் லாரிகளை நிறுத்தினார்கள். சர்க்கார் அந்த ஒரு விதியை மட்டும் அமலுக்குக் கொண்டுவராமல் நிறுத்தி வைத்தது.

ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 183-வது பிரிவை ஒரு தடவை நிதானமாகப் படித்துப் பார்க்கும்படி நேயர்களைக் கேட்டுக்கொள்கிறோம். வேக வரம்பை மீறுகிறவனுக்கு மட்டும் அல்ல, தன் வேலைக்காரனை அப்படி மீறும்படி செய்கிற எஜமானனுக்கும் அது தண்டனை விதிக்கிறது. இன்னும் ஒரு படி மேலே போகிறது. வேக வரம்பை மீறினால் ஒழிய முடிக்க முடியாதபடி ஒரு பிரயாணத்துக்குக் கெடு வைத்து எஜமானர் உத்தரவிட்டிருந்தால், அந்த உத்தரவே முதல் நோக்கில் அவருக்கு எதிரான சாட்சியம் ஆகும் என்று சொல்கிறது! 'இன்ன நேரத்துக்குள் கோயமுத்தூர்' என்ற வாக்கியத்தைத்தானே அது குறிக்கிறது? நம்முடைய பார்லிமெண்டு 1988-இல் செய்த சட்டம். நாமே வோட்டுப் போட்டு அனுப்பியவர்கள் செய்தது. இந்தப் பிரிவின்படி ஓனருக்குச் சம்மன் வந்ததாகச் சொன்ன டிரைவர் ஒருவரையும் நாம் இதுவரை சந்திக்கவில்லை.

சாலையையே மாற்றிவிட வேண்டும் என்ற யோசனையும் பலித்திருக்கிறது. கணவாயில் 6.6 கிலோமீட்டர் தூரத்துக்கு உயர்மட்டச் சாலை அமைக்க 775 கோடி ரூபாயில் திட்டம் வகுத்திருக்கிறார்கள். சரிவு தணிந்தால் நமது கரும்பலகைக் கணக்கின் கடுமையும் தணியும். மனப்பூர்வமாக வரவேற்கிறோம். ஆனால் பாலத்துக்கு டிரைவரின் தூக்கம் தெரியாது. ஓனரின் கெடுவும் தெரியாது.

டீ ஆறிப் போயிற்று. எழுந்திருக்கும்போது அந்த டிரைவர் சட்டைப் பையிலிருந்து ஒரு நோட்டுக் காகிதத்தை எடுத்தார். பையன் கரும்பலகையிலிருந்து எழுதிக்கொண்டு போன கணக்கு.

"சார், இதையே ஒரு கடுதாசியாக எழுதித் தர முடியுமா? ஓனருக்கு. நான் சொன்னால் டீசல் திருடுகிறேன் என்பார். வாத்தியார் எழுதினால் படிப்பார்" என்றார்.

அன்று இரவே எழுதினோம். 25 டன், 100 மீட்டர், பதினாறு தடவை எல்லாம் எழுதினோம். இந்தக் காலத்து என்ஜின்களில் கியரில் இறங்கும்போது காலை ஆக்ஸிலரேட்டரிலிருந்து எடுத்துவிட்டால் டீசல் பாய்வதே நின்றுவிடுகிறது, நியூட்ரலில் ஓடும் என்ஜினுக்கோ டீசல் வேண்டும், ஆகையால் அவர் எதிர்பார்க்கும் மிச்சம் அவ்வளவாக மிச்சமும் அல்ல என்பதையும் விளக்கினோம். 183-வது பிரிவை எழுதலாமா வேண்டாமா என்று வெகு நேரம் யோசித்தோம். டிரைவருக்கு வேலை போய்விடுமே என்று பயந்து அதை விட்டுவிட்டோம். அது கோழைத்தனமா, விவேகமா என்று இன்னும் நமக்குப் புலப்படவில்லை.

பதில் வரவில்லை. பையன் தினமும் வகுப்புக்குள் நுழையும்போது நம் முகத்தைப் பார்க்கிறான்.